காத்துல சாய்ஞ்ச மரம்: எதை இன்னைக்கே வெட்டணும், எதை விட்டு வைக்கணும்

கேள்வி: அண்ணே, கன்னியாகுமரி மாவட்டம் அருமனைக்குப் பக்கம் மலையடிவாரத்துல எங்களுக்கு 45 சென்ட் விளை, அதுக்குள்ளதான் வீடும். போன வியாழக்கிழமை ராத்திரி அடிச்ச காத்துல பெரிய அயனி மரம் ஒண்ணு மூட்டோட, வேரோட பெயர்ந்து அடுக்களை மேல சாய்ஞ்சு கிடக்கு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு உடைஞ்சு போச்சு. மாட்டுத்தொழுவத்துக்கு மேல நிக்கிற 60 வருஷத்துப் பிலா (பலா), வருஷா வருஷம் சக்கை (பலாப்பழம்) தர்ற மரம், கவுட்டையில பிளந்திருக்கு. தெங்கு (தென்னை) மூணுல ஒண்ணு மண்டை ஒடிஞ்சிருச்சு, ஒண்ணுக்கு மண்டை திருகி ஓலையெல்லாம் தொங்குது, ஒண்ணு சாய்ஞ்சு நிக்குது. ரப்பர் 22 மூடு (மரம்), போன வருஷம்தான் பால் வெட்டத் தொடங்கினோம், அதுல பாதி ஒடிஞ்சும் வளைஞ்சும் கிடக்கு. பக்கத்து விளையில உள்ள புளியமரம் எங்க மதிலைப் பாத்து சாய்ஞ்சிருக்கு. மாமி மூணு வருஷம் முன்னாடி நட்ட ஒட்டுமாவும் படுத்துருச்சு, அதை நிமித்தி வைக்கணும்னு மாமி சொல்றாங்க. வீட்டுல ஆம்பிளை யாரும் இல்ல, அவரு கத்தார்ல. நேத்து ஒருத்தர் வந்து எல்லா மரத்தையும் வெட்டி சுத்தம் பண்ணித்தாறேன், அயனித் தடிக்கு 8000 ரூபா தாறேன், நாளைக்குள்ள முடிவு சொல்லணும்னு சொல்லிட்டுப் போனாரு. சர்வீஸ் வயரு அயனிக் கொம்புல மாட்டிக் கிடக்கு, கரண்டு இல்லாததனால அதுக்கு பயமில்ல. நான் என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, நீங்க கடைசியா எழுதின அந்த வயர்லதான் நான் தொடங்கணும். கரண்டு இல்ல, அதனால பயமில்லைன்னு எழுதியிருக்கீங்க, பயம் உண்டு. லைன் செத்துக் கிடக்குன்னு நாம நினைச்சுட்டு இருக்கும்போது இபிக்காரங்க எங்கயோ ஒரு ஃபால்ட்டை சரி பண்ணி திடீர்னு லைனை ஆன் பண்ணுவாங்க, இல்லன்னா பக்கத்துல யாராவது ஜெனரேட்டரை வீட்டு வயரிங்ல நேரா சொருகி ஓட்டுவாங்க, அது திரும்ப லைன்ல ஏறி உங்க அயனி வரைக்கும் வந்துரும், பச்சை மரம், மேல மழை ஈரம், கீழ தொளி, கரண்டு பாயுறதுக்கு இது போதும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் அடிச்சப்போ நம்ம மாவட்டத்துல நாள்கணக்கா கரண்டு இல்லாம கிடந்தோம்ல, அப்போ நான் மரம் அறுக்குற எந்த வேலைக்குப் போனாலும் லைன்மேன் வந்து வயரைக் கழத்தி தரையில போட்டதுக்கு அப்புறம்தான் மெஷின் வாளை ஸ்டார்ட் பண்ணுவேன், இன்னைக்கும் அப்படித்தான். நீங்க மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, அந்த மரத்துலயிருந்து 10 மீட்டராவது தள்ளி இருங்க, மாட்டைக்கூட அந்தப் பக்கம் விடாதீங்க, இபி புகார் மையம் மின்னகம் நம்பர் 94987 94987, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, சர்வீஸ் நம்பரைச் சொல்லி புகார் பதிஞ்சு வைங்க. வயர் கழத்துற வரைக்கும் அயனியில யாரும் கை வைக்கக்கூடாது, அந்த 8000 ரூபா ஆளும்தான்.

லைன்மேன் வர்ற வரைக்கும் சும்மா இருக்கிற நேரத்துல ஒரு வேலை செய்யுங்க. போன்ல எல்லா மரத்தையும் போட்டோ எடுங்க, கிட்ட ஒண்ணு, வீடும் மரமும் சேர்ந்து தெரியுற மாதிரி ஒண்ணு, ரப்பரை ஒவ்வொரு மூடா. வில்லேஜ் ஆபீசுல எழுதிக் கொடுங்க, அடுக்களைக்குத் தனியா, ரப்பருக்கும் தெங்குக்கும் தனியா. பயிர் நிவாரணம் 33 சதவீதத்துக்கு மேல சேதம் இருந்தாதான் வரும், அதை வந்து பாத்து எழுதணும், நீங்க எல்லாத்தையும் வெட்டி அடுக்கினதுக்கு அப்புறம் வந்தா அவங்களுக்குப் பாக்க ஒண்ணும் இருக்காது. ஒக்கி நேரத்துல முத்தம் சுத்தமா இருக்கட்டும்னு ரெண்டே நாள்ல எல்லாத்தையும் வெட்டித் தள்ளிட்டு கையில ஒரு ஆதாரமும் இல்லாம நின்ன குடும்பங்களை நான் பாத்திருக்கேன், அதனாலதான் இதை இவ்வளவு சொல்றேன்.

இப்ப அயனி. தூரத்துல நின்னு அதோட மூட்டைப் பாருங்க. வேரோட பெயர்ந்த மண்ணு ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் மாதிரி எழும்பி நிக்கும், அறுந்த வேர் நுனியெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அடியில பள்ளத்துல தண்ணி கெட்டிக் கிடக்கும். அந்த மண் சுவரை அப்படி எழும்ப வச்சிருக்கிறது கீழ கிடக்குற தடியோட எடைதான். தடியை எங்கயாவது அறுத்து அந்த எடையை எடுத்துட்டா மூடு திரும்பப் பள்ளத்துக்குள்ளயே வந்து உக்காந்துரும், சில நேரம் ஒண்ணும் ஆகாது, சில நேரம் கண் இமைக்கிறதுக்குள்ள உக்காரும். ஒக்கிக்கு அப்புறம் ஒரு வீட்டுல இதே மாதிரி ஒரு அயனியை அறுத்தோம், அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அந்த வீட்டுச் சின்னப் பையன் அந்தப் பள்ளத்துத் தண்ணியில சிரட்டையை மிதக்க விட்டு விளையாடிட்டு இருந்தான், நான் விரட்டி விட்டேன், வாள் தடியைக் கடந்ததும் மூடு சட்டுன்னு நிமிர்ந்து உக்காந்த வேகத்துல அந்தப் பள்ளத்துத் தண்ணி எங்க தலைக்கு மேல தெறிச்சது, சிரட்டை எங்க போச்சுன்னே தெரியல. அன்னைக்கு நான் அதுக்கு மேல வேலை செய்யல. உங்க வீட்டுப் பிள்ளைங்க, கோழி, ஆடு எதுவும் அந்தக் குழிக்குள்ள போகாம இப்பவே சுத்தி ஒரு கயறு கட்டுங்க.

வீட்டு மேல கிடக்குற மரத்தை அறுக்க வர்றவங்க எந்த முறையில செய்யப்போறாங்கன்னு முதல்ல கேளுங்க, அந்தப் பதிலை வச்சே வேலை தெரிஞ்ச ஆளா இல்லையான்னு உங்களுக்குத் தெரிஞ்சிரும். ஜேசிபி கொண்டு வந்து சங்கிலி போட்டு இழுத்துரலாம்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிருங்க, இழுத்தா தடி சுவரையும் சேர்த்து இழுத்துட்டு வரும். முதல்ல தடிக்கு அடியில நல்ல கட்டியான முட்டு கொடுக்கணும், அப்புறம் நுனிப்பக்கத்து சின்னக் கொம்பா ஒவ்வொண்ணா கயறு கட்டி இறக்கணும், பாரம் குறைஞ்சதுக்கு அப்புறம்தான் தடி, அதையும் செயின் பிளாக்கோ கிரேனோ வச்சுத் தூக்கித்தான் எடுக்கணும். மூடு பக்கத்துல தடியை அறுக்கும்போது மூட்டுலயே நாலஞ்சு அடி தடியை விட்டு அறுக்கணும், மூடு எழும்பினாலும் அந்தத் தடி ஒரு நெம்புகோல் மாதிரி வேகத்தைக் குறைக்கும். ஏணியில நின்னு மெஷின் வாள் ஓட்டுற ஆளு, தோளுக்கு மேல வாளைத் தூக்கி அறுக்குற ஆளு, ஹெல்மெட் இல்லாம செருப்புக் காலோட வர்ற ஆளு, இவங்களை உங்க விளைக்குள்ள ஏத்தாதீங்க, அவங்க உயிரும் உயிர்தானே. உடைஞ்ச ஆஸ்பெஸ்டாஸை காஞ்ச துடைப்பத்தால பெருக்காதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ரொம்பக் கேடு, தண்ணி தெளிச்சு நனைச்சு, முகத்துல மாஸ்க் போட்டு, சாக்குல கட்டி எடுங்க.

அந்த 8000 ரூபாயைப் பத்தி. தடியோட சுத்து ஆறு அடி, நேரா கிடக்குற நீளம் 14 அடின்னு உங்க லெட்டரோட வச்ச போட்டோவுக்குப் பின்னாடி எழுதியிருக்கீங்க, ரொம்ப நல்லது, அந்த ரெண்டு கணக்கும் போதும். நம்ம பக்கத்து மில்லுல எல்லாம் சுத்தை நாலால வகுத்து, வந்ததை அதே எண்ணால பெருக்கி, அதை நீளத்தால பெருக்குவாங்க. ஆறை நாலால வகுத்தா ஒன்றரை, ஒன்றரையை ஒன்றரையால பெருக்கினா 2.25, அதை 14 ஆல பெருக்கினா 31.5 கன அடி. இந்தக் கணக்கே வாங்குறவருக்கு சாதகமான கணக்குதான், உருண்டைத் தடியோட உண்மையான கனம் 40 கன அடிக்குப் பக்கம் வரும், பட்டையும் அறுப்புல போற தூளும் கழியும்ங்கிறதுக்காக அப்படி ஒரு வழக்கம். அப்ப 8000 ரூபாயை 31.5 ஆல வகுத்துப் பாருங்க, ஒரு கன அடிக்கு 254 ரூபாதான் வருது. பக்கத்துல ரெண்டு அறுப்பு மில்லுக்கு போன் பண்ணி அயனி கன அடி என்ன விலைக்கு எடுக்கறாங்கன்னு நீங்களே கேளுங்க, இறக்குற கூலியையும் வண்டிக்கூலியையும் அதுல கழிச்சுட்டு, அதுக்கு அப்புறம் அந்த ஆளுகிட்ட பேசுங்க.

அவரு அவசரப்படுத்துறதுக்கு நீங்க அவசரப்பட வேண்டாம், ஏன்னா அயனி அவ்வளவு லேசா கெட்டுப் போற மரம் இல்ல. அதோட காதல், அதாவது வைரம் பாய்ஞ்ச நடுத்தடி, மழையிலயும் வெயிலயும் கிடந்து தாங்கும், அதனாலதான் கேரளாக் கரையில வள்ளத்துக்கும் நம்ம வீட்டுக் கதவுக்கும் கட்டிலுக்கும் அதை எடுத்தாங்க. கீழ இறக்கின தடியை மண்ணுல கிடக்க விடாம ரெண்டு கட்டை மேல தூக்கி வைங்க, ரெண்டு வெட்டு முகத்துலயும் மிச்சம் இருக்குற பழைய பெயிண்டை தடிப்பா அடிச்சு விடுங்க, அப்ப வெடிப்பு குறையும், மாசக்கணக்கா கிடக்கட்டும். உங்க வீட்டுக்காரரு ஊருக்கு வந்ததுக்கு அப்புறம் வித்தாலும் சரி, உங்களுக்கே அடுக்களைக் கூரைக்குக் கழுக்கோல் (கைமரம்) அறுத்தாலும் சரி. ஒண்ணு மட்டும், தடியை வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி வில்லேஜ் ஆபீசுலயும் வனத்துறை ரேஞ்ச் ஆபீசுலயும் கேட்டுருங்க, நம்ம மலையடிவாரத்துல சில இடங்கள் 1949 தனியார் காடு பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது, பட்டா நம்ம பேருல இருந்தாலும் அனுமதி வேணும். விளையில தேக்கோ ஈட்டியோ சந்தனமோ விழுந்திருந்தா கேட்காம தொடவே கூடாது.

காத்திருக்க முடியாதது ரப்பர் தடி. அதுல மாவுச்சத்தும் சர்க்கரையும் ஜாஸ்தி, ஒடிஞ்சு விழுந்து சில நாள்லயே தடிக்குள்ள நீலமா பூசணம் ஓடும், கூடவே துளைப்பான் வண்டு வந்துரும், அப்புறம் மில்லுக்காரரு விறகு விலைதான் தருவாரு. அதனால போட்டோ எடுத்த உடனே, வில்லேஜ் ஆபீசுலயிருந்து வந்து பாத்த உடனே, வேரோட விழுந்ததையும் பால் வெட்டுற பட்டைக்குக் கீழயே ஒடிஞ்சதையும் முதல்ல வெட்டிக் கொடுத்துருங்க. பட்டைக்கு மேல, ரெண்டு ஆள் உயரத்துல ஒடிஞ்சது இருக்கே, அதை வெட்டித் தள்ள வேண்டாம். ஒடிஞ்ச இடத்துக்குக் கொஞ்சம் கீழ தண்ணி வழிஞ்சு போற மாதிரி சரிவா அறுத்து போர்டோ பேஸ்ட் (பூசணம் பிடிக்காம தடவுற மருந்து, செய்முறை கீழ சொல்றேன்) தடவி விட்டா பக்கத்துல தளிர் வெடிச்சு திரும்பக் கொண்டை கட்டும், அது வரைக்கும் அந்த மூட்டுல பால் வெட்டாதீங்க.

வளைஞ்சு கிடக்குற ரப்பருக்கு மட்டும் நீங்களும் மாமியும் வெட்டுக்கத்தியை எடுத்துட்டுப் போயிராதீங்க. வில்லு மாதிரி வளைஞ்ச மரத்துக்கு உள்பக்கம் அமுங்கி இருக்கும், வெளிப்பக்கம் இழுபட்டு நரம்பு மாதிரி முறுக்கி இருக்கும், அந்த இழுபட்ட பக்கத்துல ஒரு கொத்து விழுந்தாப் போதும், மரம் நீளவாக்குல பிளந்து அடிக்கும். என்கூட பத்து வருஷம் வேலை செஞ்ச ஒருத்தருக்கு அப்படி ஒரு கையளவு தடிச்ச ரப்பர்தான் தாடையை உடைச்சது, இன்னைக்கும் அவரு சோத்தைப் பிசைஞ்சுதான் சாப்பிடுறாரு. தெரிஞ்ச ஆளு முதல்ல அமுங்கின பக்கத்துல கொஞ்சம் கொஞ்சமா அறுத்து முறுக்கை இறக்கிட்டு, பிறகுதான் இழுபட்ட பக்கத்துக்கு வருவாரு, நிக்கிறதும் மரம் நிமிர்ற திசைக்கு எதிர்ல நிக்க மாட்டாரு. லேசா சாய்ஞ்ச இளசு இருந்தா அதை வெட்டவே வேண்டாம், கயறு போட்டு நிமித்திக் கட்டலாம்.

போர்டோ பேஸ்ட் கடையில தேட வேண்டாம், வீட்டுலயே செய்யலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, நல்ல சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி 10 லிட்டர். அஞ்சு லிட்டர்ல துத்தம், அஞ்சு லிட்டர்ல சுண்ணாம்பு, தனித்தனியா பிளாஸ்டிக் வாளியில கரைச்சு, ரெண்டையும் சேர்த்துக் கலக்கணும், இரும்பு வாளி கூடாது. கலக்கின பிறகு ஒரு பழைய இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுத்துப் பாருங்க, கத்தியில செம்பு நிறத்துல படிஞ்சிருந்தா சுண்ணாம்பு பத்தல, இன்னும் கொஞ்சம் சேருங்க, கத்தி கத்தியாவே இருந்தா தடவலாம். அன்னைக்குக் கலக்கினதை அன்னைக்கே தீர்த்துருங்க.

தெங்குல மண்டை ஒடிஞ்சது போனதுதான், தெங்குக்கு ஒரே ஒரு குருத்து, அது போனா வேற எங்கயும் துளிர்க்காது. அதை ரொம்ப நாள் நிக்க விடாதீங்க, வெட்டின தடியையும் விளையில அழுக விடாதீங்க, அழுகுற தெங்குல காண்டாமிருக வண்டு முட்டை போடும், காயம் பட்ட தெங்கோட வாசனைக்கு செங்கூன் வண்டு வரும், ரெண்டும் சேர்ந்து நல்லா நிக்கிற தெங்கையும் தின்னுரும். மண்டை திருகினதை வெட்டாதீங்க. ஏறத் தெரிஞ்சவரை வச்சு நடுக்குருத்தை லேசா இழுத்துப் பாக்கச் சொல்லுங்க, கையோட வந்து நாத்தம் அடிச்சா அழுகல், உறுதியா நின்னா உயிர் இருக்கு. உயிர் இருந்தா ஒடிஞ்சு தொங்குற ஓலையை மட்டும் எடுத்துட்டு, பச்சையா இருக்குற ஓலை மடங்கியிருந்தாலும் விட்டுருங்க, குருத்துல 1 சதவீத போர்டோ கலவையை ஊத்தி விடுங்க, அதுக்கு 10 லிட்டருக்கு துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், பேஸ்டைவிட பத்துல ஒரு பங்கு. புதுசா ஓலை விரியுதான்னு நாலஞ்சு மாசம் பாருங்க. சாய்ஞ்ச தெங்கு வீட்டையோ வழியையோ பாத்து சாயலைன்னா அப்படியே நிக்கட்டும், வேர்ப்பக்கத்துல மண் போட்டு மிதிச்சு விடுங்க, கொண்டை தானே மேல பாத்து வளைஞ்சு வரும்.

பிலாவுக்குத்தான் நான் ரொம்ப யோசிச்சேன், 60 வருஷத்து மரம், வருஷா வருஷம் சக்கை தர்ற மரம்னு எழுதியிருக்கீங்க. பிளப்பு கவுட்டையில ஒரு முழம்தான்னா காப்பாத்தலாம், அடித்தடி வரைக்கும் இறங்கியிருந்தா தொழுவத்துக்கு மேல அதை வச்சிருக்க முடியாது, மாடு கீழ நிக்குது. மாட்டை இன்னைக்கே அங்கிருந்து மாத்திக் கட்டுங்க. காப்பாத்துற மாதிரி இருந்தா மேல ரெண்டு பக்கத்துக் கொம்புலயும் பாரத்தை மூணுல ஒரு பங்கு குறைச்சுட்டு, தடியைக் குறுக்க துளைச்சு போல்ட் போட்டு முறுக்கணும். நம்ம ஊருல கம்பியைச் சுத்திச் சுத்தி இறுக்கிக் கட்டுவாங்க, அதைச் செய்யவே கூடாது, மரம் பெருக்கப் பெருக்கக் கம்பி பட்டையை அறுத்து உள்ள இறங்கி, கம்பிக்கு மேல உள்ளது பட்டினி கிடந்து சாகும். கொம்பை அறுக்கும்போது தடியை ஒட்டி மழுங்க அறுக்காம, கொம்பு தடியில சேர்ற இடத்துல ஒரு வீக்கம் மாதிரி மடிப்பு இருக்கும் பாருங்க, அந்த மடிப்பை விட்டு வெளிய அறுக்கச் சொல்லுங்க, அந்த மடிப்புதான் காயத்தை மூடுறது. முதல்ல அடியிலயிருந்து கொஞ்சம், பிறகு கொஞ்சம் தள்ளி மேலயிருந்து முழுசா, கடைசியில மிச்சம் நிக்கிற குத்தியை, அப்படி மூணு வெட்டா அறுத்தா பட்டை உரிஞ்சு கீழ வராது.

மாமி சொன்னது சரி, ஒட்டுமாவை நிமித்தணும், அதுவும் இன்னைக்கே. வேர் வெளிய தெரியுற இடத்துல நனைச்ச சாக்கைப் போட்டு மூடுங்க, காஞ்சா போச்சு. மூணு வருஷத்துக் கன்னு, கைத்தண்டு கனம்தான் இருக்கும். நேரா பிடிச்சு இழுக்காதீங்க, வேர் உக்கார வேண்டிய பக்கத்துல முதல்ல மண்ணைத் தோண்டி இடம் பண்ணிட்டு மெதுவா நிமித்துங்க, நைஞ்சு போன வேரை மட்டும் கத்தியால சுத்தமா நறுக்குங்க, மண் போட்டு மிதிச்சு தண்ணி விட்டு, மூணு பக்கமும் கம்பு நட்டு பழைய சைக்கிள் டியூபால கொஞ்சம் லூசா கட்டுங்க, காத்துல லேசா ஆடணும், அப்பதான் வேர் பிடிக்கும். ஒரு வருஷம் கழிச்சுக் கட்டை அவிழ்க்கணும், அதை மறக்க வேண்டாம்.

புளியமரத்துக்காக பக்கத்து விளைக்காரரோட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி அது புதுசா சாய்ஞ்சதான்னு பாக்கணும். சாய்ஞ்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மூட்டுல மண் வெடிச்சு எழும்பியிருந்தா புதுசு, அது ஆபத்து. மண் உறைஞ்சு புல் முளைச்சு கிடந்து, தடி அடியில சாய்ஞ்சு மேல நிமிர்ந்து வளர்ந்திருந்தா அது வருஷக்கணக்கா அப்படித்தான் நிக்குது. சந்தேகமா இருந்தா கொத்தனாருகிட்ட தூக்குகுண்டு வாங்கி, தடியில உங்க தலை உயரத்துல ஒரு ஆணி அடிச்சு நூலைத் தொங்க விட்டு, குண்டு தொடுற இடத்துல ஒரு குச்சி நட்டு வைங்க, அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவரு முன்னாடியே செய்யுங்க, தினம் காலையில ஒரு தடவை பாருங்க, ஆனா காத்தோ மழையோ இருந்தா கிட்ட போக வேண்டாம். நகர்றது தெரிஞ்சும் அவரு வெட்ட மாட்டேன்னா ஆர்டிஓவுக்கு (வருவாய்க் கோட்டாட்சியர்) எழுதிக் கொடுக்கலாம், விழுற நிலையில உள்ள மரத்தை வெட்டச் சொல்லவோ முட்டுக் கொடுக்கச் சொல்லவோ உத்தரவு போட அவருக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆவது பிரிவுல அதிகாரம் இருக்கு, பழைய சட்டத்துல 133ன்னு சொல்லுவாங்க. முதல்ல நூலைக் காட்டிப் பேசுங்க, கண்ணால பாத்தா பாதிப் பேரு ஒத்துக்கிடுவாங்க.

பிலாவோட பிளப்பு எவ்வளவு நீளம்னு அளந்து, புளியமரத்துக் குண்டு மூணு நாள்ல எவ்வளவு நகர்ந்திருக்குன்னும் பாத்து எனக்கு எழுதுங்க, அந்த ரெண்டுக்கும் அதைப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்ல முடியும்.